காற்றின் மேல் பழி போட முடியாதபோது

கொல்லிமலைக்குக் காரவள்ளி வழியாக ஏறினால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். மேலே செம்மேட்டில் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறான் வல்வில் ஓரி. நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்துப் பிள்ளைகளுக்கு அவனைப் பற்றி வேறெதுவும் தெரியாவிட்டாலும் ஒன்று தெரியும்: ஒரே அம்பு, அஞ்சு உசுரு. புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் அதை வரிசையாகச் சொல்கிறார். அம்பு முதலில் யானையைக் கொல்கிறது. பிறகு புலி, பிறகு மான், பிறகு காட்டுப்பன்றி. கடைசியில் பக்கத்துப் புற்றில் கிடந்த உடும்பின் மேல் போய்த் தைத்து நிற்கிறது.

பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தபோது வாய் பிளந்தோம். இப்போது படிக்கும்போது வேறொரு கேள்வி வருகிறது. ஓரி எதைக் குறி வைத்தான்? யானையை என்றால் மற்ற நான்கும் என்ன கணக்கு? உடும்பு அன்று காலையில் யாருக்கும் இலக்கு இல்லை. அது புற்றுக்குள் இருந்தது, அவ்வளவுதான். பாட்டு அந்தக் கேள்விக்குள் போகவில்லை. அதற்கு வில்லின் வலிமைதான் முக்கியம். புகழ்ச்சியைக் கேட்டு அவன் நாணினான் என்றும் பாட்டு சொல்கிறது. அங்கே சொல்லப்படும் காரணம் வேறு. புகழும்போது பாணர்கள் சொன்ன பெயர் அவனுடையதாகவே இருந்ததால் வந்த நாணம். அந்த நாணத்தில் ஒரு துளியாவது உடும்புக்கும் இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்வது என் ஆசை.

ஓரியின் அம்பைப் பற்றி இப்படி யோசிக்க வைத்தது இலக்கியம் இல்லை, தோட்டாவின் எடை. எந்த எடைக் குண்டு போட்டால் சின்ன ரைஃபிள் நன்றாக அடிக்கும் என்ற, பார்த்தால் முழுக்கத் தொழில்நுட்பமான ஒரு விஷயம். அதற்குள் அறக் கேள்வி ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

*

முதலில் அந்த விஷயத்தையே பார்த்துவிடலாம். துப்பாக்கிக் குண்டின் எடையைக் கிரெயினில் சொல்வார்கள். வாற்கோதுமை மணி ஒன்றின் எடையிலிருந்து வந்த அளவு அது. நம் ஆசாரிகள் தங்கம் நிறுக்கக் குன்றிமணி வைத்திருந்த மாதிரி. ஒரு குன்றிமணி ஏறக்குறைய இரண்டு கிரெயின். என்.சி.சி.யில் இருந்தவர்கள் எல்லாரும் சுட்டிருக்கும் பாயிண்ட் டூ டூ ரைஃபிளின் வழக்கமான குண்டு 40 கிரெயின், அதாவது 2.6 கிராம். ஒரு பவுனில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு ஜோடித் தோட்டில் அதைவிட அதிகத் தங்கம் இருக்கும்.

கனமான குண்டு நன்றாக அடிக்குமா, இலேசான குண்டு நன்றாக அடிக்குமா? இரண்டுமே தவறான கேள்வி. குழலின் விட்டம் மாறாது. அதனால் எடையைக் கூட்ட வேண்டும் என்றால் குண்டை நீளமாக்கியாக வேண்டும். எடை என்று நாம் பேசுவதில் பெரும்பகுதி நீளம்தான். நீளமான பொருள் காற்றில் தலை குப்புற விழாமல் போக வேண்டுமென்றால் அது வேகமாகச் சுழல வேண்டும். பம்பரம் விட்டவர்களுக்குத் தெரியும். குட்டையான பம்பரம் கொஞ்சம் சுற்றினாலே நிற்கும், நெட்டைப் பம்பரத்துக்கு வேகம் பத்தாவிட்டால் தள்ளாடும். அந்தச் சுழற்சியைக் கொடுப்பது குழலுக்குள் வெட்டியிருக்கும் மரை. எந்த நீளக் குண்டுக்கு எவ்வளவு இறுக்கமான மரை வேண்டும் என்று 1879இல் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் ஜார்ஜ் கிரீன்ஹில், இங்கிலாந்தின் வூலிச்சில் பீரங்கிப்படை அதிகாரிகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த பேராசிரியர்.

பாயிண்ட் டூ டூ ரைஃபிளில் மரை வழக்கமாகப் பதினாறு அங்குலத்துக்கு ஒரு சுற்று. 40 கிரெயினுக்கு அது போதும். அதே குழலில் 60 கிரெயின் குண்டைப் போட்டால் பல துப்பாக்கிகளில் அது காற்றிலேயே பக்கவாட்டில் திரும்பிவிடும். தாளில் வட்டமான ஓட்டைக்குப் பதிலாகச் சாவித்துவாரம் மாதிரி நீள ஓட்டை விழும். குண்டு நல்ல குண்டுதான், துப்பாக்கியும் நல்லதுதான். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகவில்லை.

வேகத்திலும் இப்படி ஒரு விசித்திரம் உண்டு. சீக்கிரமா போற குண்டைக் காத்து கம்மியாத்தான் தள்ளும்னு நினைப்போம். பாயிண்ட் டூ டூ விஷயத்தில் நடப்பது தலைகீழ். நொடிக்கு 380 மீட்டரில் கிளம்பும் அதிவேகக் குண்டு ஒலியின் வேகத்தை ஒட்டிய இடத்தில் காற்றோடு மல்லுக்கட்டி வேகத்தைச் சட்டென்று இழக்கிறது. அந்த இழப்புதான் பக்கக் காற்றுக்கு இடம் கொடுக்கிறது. ஒலிக்குக் கொஞ்சம் கீழே, 325 மீட்டர் வாக்கில் கிளம்பும் குண்டு குறைவாகவே விலகுகிறது. போட்டிக்குச் சுடுபவர்கள் மெதுவான தோட்டாவைத் தேடுவது இதனால்தான்.

அதற்கும் மேலே போகிறார்கள். ஒரே கம்பெனி, ஒரே எடை, ஒரே வேகம். ஆனால் வேறு வேறு நாளில் தயாரான தொகுதிகளை வரிசையாக வைத்து, ரைஃபிளை இரும்புப் பிடியில் இறுக்கி, 50 மீட்டரில் ஒவ்வொன்றிலும் பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்க்கிறார்கள். எந்தத் தொகுதி அந்தக் குழலுக்குப் பிடிக்கிறதோ அதை மொத்தமாக வாங்கி வைக்கிறார்கள். 50 மீட்டர் போட்டியில் பத்து மதிப்பெண் வட்டம் 10.4 மில்லிமீட்டர். 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் அது அரை மில்லிமீட்டர் புள்ளி. 2008 ஆகஸ்ட் 11 அன்று பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கிய கடைசிச் சுடுதலுக்குக் கிடைத்தது 10.8. இந்த அளவுக்கு நுணுக்கம் வரும்போது அரை கிராம் ஈயத்தில் இருக்கும் சின்ன வித்தியாசமும் பெரிசுதான்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட முதல் பாடம்: தன்னளவில் சிறந்த குண்டு என்று ஒன்று கிடையாது. துல்லியம் ஒரு பொருளில் இருக்கும் குணம் இல்லை. குழலும் குண்டும் காற்றும் தூரமும் ஒரு இடத்தில் சேரும்போது கிடைப்பது அது. ஆனால் இந்தப் பட்டியலில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அதைச் சொன்னது நண்பனின் அப்பா.

*

திருச்செங்கோட்டுக்கும் சங்ககிரிக்கும் நடுவில் நண்பனுக்குத் தோட்டம். போன ஆடியில் அவனுடைய ஏர் ரைஃபிளை எடுத்துக்கொண்டு அங்கே போயிருந்தோம். 4.5 மில்லிமீட்டர், 20 ஜூலுக்குக் கீழே, ஆயுத உரிமம் கேட்காத வகை. கையில் மூன்று டப்பா பெல்லட்: 7 கிரெயின், 8.4 கிரெயின், 10.3 கிரெயின். கல்லுக்கட்டு வரப்புக்கு முன்னால் மண்மூட்டை அடுக்கி, அதில் தாளைக் குத்தி, இருபத்தைந்து மீட்டரில் உட்கார்ந்தோம்.

காலையில் காற்று எழும்பும் முன்னால் மூன்றும் ஏறக்குறைய ஒரே மாதிரி. ஒன்பது மணிக்கு மேல் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்துவிட்டது. கொங்கு நாட்டில் ஆடிக்காற்று என்றால் சும்மா பழமொழி இல்லை. 7 கிரெயின் பெல்லட்கள் தாளின் இடப்பக்கம் முழுக்கச் சிதறின. 10.3 கிரெயின் கீழே இறங்கி விழுந்தாலும் அவ்வளவாக விலகவில்லை, ஆனால் ஐந்தும் ஒன்று சேரவில்லை. அந்தக் குழலுக்குப் பிடித்தது 8.4தான். ஐந்து ஓட்டையும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கியது. என்.சி.சி. கேம்பில் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது: நடுவில் படுதா என்று அப்புறம் பார், முதலில் சேர்ந்து படுதா என்று பார். சேர்ந்து பட்டால் மீதியைச் சைட்டைத் திருகிச் சரி பண்ணிக்கொள்ளலாம்.

நாங்கள் தாளைத் தூக்கிப் பிடித்து மகிழ்ந்துகொண்டிருந்தபோது நண்பனின் அப்பா வந்தார். அவருக்கு இந்த வருஷம் மயிலோடுதான் சண்டை. விதைத்த கல்லக்காயைக் கிளறித் தின்றுவிட்டுப் போகின்றன. முளை விட்ட மக்காச்சோளத்தையும் விடுவதில்லை. மயில் வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. தாளை வாங்கிப் பார்த்தார்.

"எல்லாம் ஒரே எடத்துலயா பட்டுருக்குது?"

"ஆமாங்கப்பா. இந்தக் குண்டு இதுக்குச் சேந்துக்குச்சு."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எங்கய்யன் காலத்துல பரண் மேல நின்னு கவண்ல கல்லு வெச்சு வீசுவோம் கண்ணு. அது எங்க போய் உழுகும்னு வீசறவனுக்கே தெரியாது. ஒண்ணு ரெண்டு பட்டுச் செத்தும் போகும். தொரத்தத்தான் வீசுனோம், பட்டுருச்சும்போம். யாரும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்க. இதுல அப்படிச் சொல்ல முடியாதில்ல?"

அவர் தத்துவம் பேச வரவில்லை. தாளைக் கொடுத்துவிட்டு மோட்டார் போடப் போய்விட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் அன்றைக்கும் நாலைந்து மயில் மேய்ந்துகொண்டிருந்தன. நண்பன் ரைஃபிளை உறைக்குள் வைத்தான்.

*

இதுல அப்படிச் சொல்ல முடியாதில்ல. நான் சொல்ல வருவது முழுக்க அந்த வாக்கியத்துக்குள் இருக்கிறது.

குறி வைத்து அடிக்கும் எந்தச் செயலிலும் விளைவுக்கும் நோக்கத்துக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கும். கை நடுக்கம், காற்று, மோசமான குண்டு, தேய்ந்த மரை எல்லாம் சேர்ந்து உருவாக்கும் இடைவெளி. அந்த இடைவெளியில்தான் நம் சாக்குகள் குடியிருக்கின்றன. கை தவறிருச்சு. காத்து தள்ளிருச்சு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் தற்காப்புக் கொலையைப் பற்றி எழுதியபோது, ஒரு செயலுக்கு இரண்டு விளைவுகள் இருக்கலாம், ஒன்று நாம் நினைத்தது, இன்னொன்று நினைக்காமல் கூடவே வந்தது என்று பிரித்தார். ஓரியின் யானை முதல் வகை, உடும்பு இரண்டாம் வகை. அந்தப் பிரிவினை செல்லுபடியாக வேண்டுமென்றால் நமக்கும் விளைவுக்கும் நடுவில் கொஞ்சமாவது தூரம் இருக்க வேண்டும்.

குண்டின் எடையை மாற்றி மாற்றிப் பார்ப்பவன் அந்தத் தூரத்தைத்தான் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் குறைத்துக்கொண்டே போகிறான். ஒவ்வொரு டப்பா பெல்லட்டுக்கும் ஒரு சாக்கைத் திருப்பிக் கொடுக்கிறான். கடைசியில் எல்லாம் ஒரே ஓட்டையில் விழும் நாள் வரும். அன்றைக்குப் பட்ட இடம்தான் அவன் நினைத்த இடம். பழி போடக் காற்று இருக்காது. துல்லியம் யாரையும் நல்லவனாக்குவதில்லை. தப்பித்துக்கொள்ளும் வழியை மட்டும் அது அடைக்கிறது.

இதற்கு வேட்டைக்காரர்களின் பதில் ஒன்று உண்டு, அது அற்பமானது இல்லை. துல்லியம்தான் கருணை என்பார்கள். சரியான எடை, சரியான இடம், ஒரே அடி, வலி தெரியாமல் சாவு. மோசமாகச் சுட்டால் விலங்கு காயத்தோடு புதருக்குள் போய் மூன்று நாள் கிடந்து சாகும். அரை கிராம் பெல்லட்டை மயில் மேல் சுட்டால் நடப்பது பெரும்பாலும் அதுதான். சுடுவது என்று முடிவாகிவிட்டால் நன்றாகச் சுடுவது கடமை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வாக்கியத்தில் 'முடிவாகிவிட்டால்' என்ற சொல்லைக் கவனியுங்கள். முடிவு எப்போது, யாரால் ஆனது? கருணை பற்றிய பேச்சு அந்த முடிவுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. துல்லியம் கைக்கு வந்ததும் முடிவெடுப்பது சுலபமாகிவிடும் ஆபத்தும் அங்கேயே இருக்கிறது.

குண்டைத் தேர்ந்தெடுக்கும்போதே எதிரில் இருப்பது யார் என்ற தீர்ப்பையும் எழுதிவிடலாம் என்பதற்கு வரலாற்றில் ஒரு இந்திய உதாரணம் இருக்கிறது. கல்கத்தா பக்கத்தில் டம்டம் ஆயுதச்சாலையில் 1890களில் கேப்டன் நெவில் பெர்ட்டி கிளே ஒரு குண்டைச் செய்தார். முனையில் செம்பு உறை இல்லாமல் ஈயம் வெளியே தெரியும், உடம்பில் பட்டதும் விரியும். 1899இல் ஹேக் மாநாட்டில் இந்த வகைக் குண்டுகளைத் தடை செய்யப் பேச்சு வந்தபோது பிரிட்டனின் பிரதிநிதி ஜான் ஆர்டா எதிர்த்தார். அவர் வாதத்தின் சாரம்: நாகரிக நாட்டுச் சிப்பாய் சின்னக் குண்டு பட்டாலே காயம்பட்டதை உணர்ந்து நின்றுவிடுவான், காட்டுமிராண்டி நிற்க மாட்டான், அவனுக்கு வேறு குண்டு வேண்டும். தடை நிறைவேறியது. ஆனால் பேசப்பட்டது ஈயத்தையும் செம்பையும் பற்றி மட்டுமில்லை என்பது அந்த வாதத்தைக் கேட்ட எல்லோருக்கும் புரிந்திருக்கும்.

*

நம் காலத்துக்கு வருவோம். காஷ்மீரில் 2010 முதல் கூட்டத்தைக் கலைக்கப் பெல்லட் துப்பாக்கி பயன்படுத்தப்பட்டது. பெயர் ஒன்றுதான், இது ஏர் ரைஃபிள் இல்லை. ஒரு தோட்டாவுக்குள் நூற்றுக்கணக்கான குட்டி ஈயக் குண்டுகள். வெளியே வந்ததும் பரவும். எந்தக் குண்டு யார் மேல் படும் என்று சுடுபவருக்குத் தெரியாது. 2016இல் நூற்றுக்கணக்கானோருக்குக் கண்ணில் அடிபட்டது. இதில் யாரும் யாருடைய கண்ணையும் குறி வைக்கவில்லை என்று சொல்லிவிட முடியும். சிதறலே சாக்கு.

இன்னொரு பக்கம், 2018 மே மாதம் தூத்துக்குடி. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின்போது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பதின்மூன்று பேர் செத்தார்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கைகளைப் பார்த்து ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தியின்படி, பன்னிரண்டு பேருக்குத் தலையிலோ நெஞ்சிலோ குண்டு பட்டிருந்தது. அவர்களில் பாதிப் பேருக்கு அது பின்பக்கமாக வந்திருந்தது. இங்கே பயன்பட்டது ரைஃபிள். சிதறாது. நண்பனின் அப்பா சொன்ன வாக்கியத்தை இங்கே வைத்துப் பாருங்கள்.

அப்படியானால் துல்லியமில்லாத ஆயுதம்தான் மனசாட்சிக்கு நல்லதா என்று ஒருவர் கேட்கலாம். இல்லை. சிதறும் என்று தெரிந்தே சிதறுவதை எடுப்பதும் ஒரு தேர்வு. கவண் வீசியவருக்கு வேறு வழி இல்லை, அவரிடம் இருந்தது கவண்தான். ரைஃபிள் செய்யத் தெரிந்த காலத்தில் சிதறலைத் தேர்ந்தெடுப்பவர் சாக்கையும் சேர்த்தே வாங்குகிறார். துல்லியத்தைத் தேர்ந்தெடுப்பவர் சாக்கை விட்டுக் கொடுக்கிறார், ஆனால் அப்படி விட்டுக் கொடுத்தோம் என்பதை அவர் ஒத்துக்கொள்ள வேண்டும். தூத்துக்குடி மாதிரி இடங்களில் நாம் கேட்டுக்கொண்டே இருப்பது அந்த ஒத்துக்கொள்ளலைத்தான்.

முயல் மேல் சரியாகத் தைத்த அம்பைவிட, யானையைத் தவறவிட்ட வேலைக் கையில் வைத்திருப்பது இனிது என்கிறார் வள்ளுவர், படைச்செருக்கு அதிகாரத்தில், 772ஆம் குறளில். அது வீரத்தைப் பற்றிய குறள், கொல்லாமையைப் பற்றியது இல்லை. கொல்லாமைக்கு அவர் தனி அதிகாரமே எழுதினார். ஆனாலும் ஒன்று கவனிக்கத்தக்கது. அடிபட்டதா இல்லையா என்பதை அவர் இரண்டாம் இடத்துக்குத் தள்ளுகிறார். முதல் இடம், எதை நோக்கி எறிந்தாய் என்பதற்கு. குறி தவறுவதைவிட மோசமான தவறு ஒன்று இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

விளையாட்டுத் துப்பாக்கி சுடுதல் எனக்கு நிம்மதி தருவது இதனால்தான் என்று நினைக்கிறேன். அங்கே 'எதை' என்ற கேள்விக்கு முன்கூட்டியே பதில் சொல்லியாகிவிட்டது. தாளை. வேறு எதையும் இல்லை. அதனால்தான் பிந்த்ரா மாதிரி ஒருவரால் 'எப்படி' என்ற கேள்விக்கு மட்டும் வாழ்நாளில் பாதியைக் கொடுக்க முடிகிறது. அந்த ஈடுபாடு களங்கமில்லாமல் இருப்பதற்குக் காரணம் அந்த அரை மில்லிமீட்டர் புள்ளிக்கு உயிர் இல்லை என்பதுதான்.

எழுதுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் துப்பாக்கி பிடிப்பதில்லை. ஆனால் எடை பார்த்து எடுக்கும் வேலை நமக்கும் உண்டு. ஒரு ஆளை நன்றாகப் புரிந்துகொண்டால், எந்தச் சொல் அவருக்கு எங்கே படும் என்பதும் தெரிந்துவிடும். இரவு பதினொரு மணிக்கு ஒரு பதிவுக்குக் கீழே அந்தச் சொல்லைத் தட்டிவிட்டு, "நான் பொதுவாத்தான் சொன்னேன்" என்று சொல்லலாம். மொழி சரியாக வராத ஒருவர் அப்படிச் சொன்னால் நம்பலாம். பத்து வருஷமாகச் சொற்களை நிறுத்துப் பழகியவர் சொன்னால் நம்புவதற்கில்லை. திறமை கூடக் கூட அந்த வாக்கியத்தைப் பயன்படுத்தும் உரிமை குறைந்துகொண்டே வருகிறது. இது அநியாயம் மாதிரித் தோன்றும். நன்றாகச் செய்யக் கற்றுக்கொண்டதற்குத் தண்டனையா என்று கேட்கத் தோன்றும். எனக்கு அப்படித் தெரியவில்லை. நன்றாகச் செய்யக் கற்றுக்கொள்வது என்பதில் எதைச் செய்யக்கூடாது என்று முடிவெடுக்கும் வேலையும் சேர்ந்தே வருகிறது. அந்த வேலைக்கு இரும்புப் பிடியும் இல்லை, கிரீன்ஹில்லின் கணக்கும் இல்லை. ஒவ்வொரு முறையும் விரலை வைக்கும் முன்னால் நாமே செய்ய வேண்டியிருக்கிறது.